சத்தமில்லாத விளையாட்டுகள்

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தது. பதிவேட்டில் பதினான்கு பேர். வந்தது பதினொன்று. இருக்கிற ஆசிரியர்கள் இரண்டு பேர்தான்: தலைமையாசிரியர் ஞானசிகாமணி சார், இன்றிலிருந்து நான். நான்கும் ஐந்தும் அவருக்கு, முதல் மூன்று வகுப்புகள் எனக்கு.

வால்பாறையிலிருந்து எஸ்டேட் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பள்ளிக்கு மேலே பூட்டிக் கிடந்த தொழிலாளர் லைன் வீடு ஒன்றை எஸ்டேட்காரர்கள் எனக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஒரு அறை, ஒரு சமையல் மேடை. ஆறு மணிக்கு மேல் வெளியே வரக்கூடாது என்று வாட்ச்மேன் சொன்னார். யானை கீழ்ச்சரிவில் நிற்கிறதாம்.

இடமாறுதல் கலந்தாய்வில் இந்த இடத்தை நானாகத்தான் கேட்டேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர், “இங்கேயா மேடம்?” என்று இரண்டு முறை கேட்டார். உடுமலையில் அண்ணன் வீட்டில் என் அறையை அவன் மகளின் புது மாப்பிள்ளைக்காக ஒழுங்கு செய்துகொண்டிருக்கிறார்கள். எல்லாம் சரியான நேரத்தில்தான் நடந்திருக்கிறது.

ஜூன் 12, புதன்

என் வகுப்பில் எட்டுப் பேர். ஆறு பேர் ஜார்க்கண்டிலிருந்து தேயிலை பறிக்க வந்தவர்களின் பிள்ளைகள். வீட்டில் சாத்ரி என்ற மொழி பேசுகிறார்கள். நான் சொல்வதை அவர்கள் காதால் கேட்கவில்லை, என் வாயைப் பார்க்கிறார்கள். ‘அம்மா’ என்றேன், ‘அம்மா’ என்றார்கள். ‘உட்கார்’ என்றேன், அதையும் திருப்பிச் சொன்னார்கள், நின்றுகொண்டே.

இருபத்து மூன்று வருட அனுபவம். இன்று மத்தியானம் பேச்சு வற்றிப்போய் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 16, ஞாயிறு

மழை. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் படம் வரைந்து அட்டையில் ஒட்டினேன். குடை, கூடை, ஆடு, அட்டைப்பூச்சி, பஸ், தண்ணீர்க் குழாய். இங்கே அவர்கள் கண்ணில் படுகிறவை மட்டும். ஆப்பிள் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

ஒரு பரமபதப் பலகையும் போட்டேன். கட்டத்தில் எண்ணுக்குப் பதில் எழுத்து. பாம்புக்குப் பதில் அட்டைப்பூச்சி, ஏணிக்குப் பதில் தேயிலைக் காட்டுப் படிக்கட்டு. விளையாட்டு சரியாக வருகிறதா என்று பார்க்க இரண்டு பக்கமும் நானே ஆடினேன். இடது கை ஜெயித்தது.

ஜூன் 19, புதன்

பிடித்துக்கொண்டார்கள். அட்டையைத் தரையில் பரப்பிவிட்டு எழுத்தைக் காட்டினால் ஓடிப்போய்ப் படத்தின் மேல் குதிக்க வேண்டும். வகுப்பு இரண்டாகப் பிரிந்து கட்டடமே அதிர்ந்தது. ஞானசிகாமணி சார் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வகுப்புக் கதவைச் சாத்தினார்.

இரண்டாம் வகுப்பில் சோமாரி என்று ஒரு பெண். ஏழு வயது. ஏப்ரலில்தான் இந்த எஸ்டேட்டுக்கு வந்திருக்கிறார்கள். ஒரு முறை காட்டினால் போதும், மற்றவர்கள் யோசிப்பதற்குள் படத்தின் மேல் நிற்பாள். வாய் மட்டும் திறப்பதில்லை. புது மொழி, கூச்சம். வந்துவிடும்.

ஜூன் 27, வியாழன்

பள்ளி விட்ட பிறகு சோமாரி என்னுடனே வீட்டுக்கு வருகிறாள். நான் கூப்பிடவில்லை, என் பின்னாலேயே வந்தாள். அவள் அம்மா பூல்மணி இலை எடை போட்டுவிட்டு வர ஐந்தரை ஆகிறது. அதுவரை அட்டை வெட்டுகிறோம். கோட்டை விட்டு ஒரு நூல் விலகாமல் வெட்டுகிறாள். பால் கொதித்து வழிவதை எனக்கு முன்னால் அவள்தான் பார்த்து என் புடவையை இழுத்தாள்.

இந்த வாரம் முழுக்க நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

வட்டாரக் கல்வி அலுவலர் வந்தார். பிள்ளைகள் படம் பார்த்துச் சொல் கோர்ப்பதை ஃபோனில் எடுத்துக்கொண்டார். சோமாரி ‘தேயிலை’ என்ற சொல்லை ஐந்து நொடியில் எழுத்து அட்டைகளால் அடுக்கினாள். மொழியே தெரியாத பிள்ளை என்று நான் சொன்னதும் அவர் அவள் தலையில் கை வைத்தார். ஆகஸ்ட் மாதக் குறுவள மையக் கூட்டத்தில் மற்ற ஆசிரியர்களுக்கு இதைச் செய்துகாட்டச் சொன்னார்.

அண்ணனுக்குச் சொல்லலாம் என்று ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்திருப்பார்கள்.

ஜூலை 12, வெள்ளி

இன்று புதிதாக ‘என்ன சத்தம்’ விளையாட்டு. கண்ணைத் துணியால் கட்டிவிடுவேன். நான் எழுப்பும் சத்தம் எதனுடையது என்று தமிழில் சொல்ல வேண்டும். மணி, டம்ளர், காகிதம் கிழிப்பது, வாளியில் தண்ணீர். மழை வெறித்திருந்ததால் நல்ல அமைதி.

சோமாரியின் கண்ணைக் கட்டியதும் துணியைப் பிடுங்கிப் போட்டாள். குறும்பு என்று நினைத்து மறுபடி இறுக்கிக் கட்டினேன். மணியை அடித்தேன். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். அவள் மட்டும் இரண்டு கையையும் முன்னால் நீட்டி யாரையாவது தொட முடியுமா என்று காற்றில் தேடிக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு குரல் எழுப்பினாள். அழுகை என்று சொல்ல முடியாது. அதுபோல ஒரு குரலை நான் கேட்டதில்லை.

துணியை அவிழ்த்ததும் என் கையில் ஓங்கி அடித்தாள்.

மற்ற பிள்ளைகள் அதிர்ச்சியடையவில்லை. ஒருத்தி எழுந்து போய் அவள் தோளைத் தட்டி உட்காரவைத்தாள். அப்போதுதான் உறைத்தது. ஒரு மாதமாகப் பார்க்கிறேன், இந்தப் பிள்ளைகள் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எப்போதும் தோளைத்தான் தட்டுவார்கள்.

ஜூலை 14, ஞாயிறு

மழை. துணி காயவில்லை.

ஜூலை 15, திங்கள்

சாயங்காலம் சோமாரி என் வீட்டில் உட்கார்ந்து காகிதத்தில் பறவை வெட்டிக்கொண்டிருந்தாள். பள்ளி மணியை எடுத்து வந்து அவளுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் அடித்தேன். பறவையின் வாலை வெட்டி முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள். நான் நிற்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

சளியாக இருக்கலாம். இந்தக் குளிரில் பெரியவர்களுக்கே காது அடைக்கிறது.

ஜூலை 18, வியாழன்

நடைமுறை எனக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எழுதினால் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வந்து பார்ப்பார். பிறகு பொள்ளாச்சி ஆஸ்பத்திரி, பிறகு கோயம்புத்தூரில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி. விடுதியோடு சேர்ந்தது.

மலைப்பாதையில் மண் சரிந்திருக்கிறதாம். இந்த மழையில் யாரையும் அலைக்கழிக்க வேண்டாம்.

ஜூலை 24, புதன்

சோமாரி ஏன் வாய்விட்டு வாசிப்பதில்லை என்று ஞானசிகாமணி சார் கேட்டார். கூச்சம் சார், எழுத்தெல்லாம் தெரிகிறது என்றேன். பொய் இல்லை. எழுத்து தெரிகிறதுதானே.

அவளை எனக்கு எதிரே உட்காரவைத்திருக்கிறேன். என் முகம் எப்போதும் அவளுக்குத் தெரிகிற மாதிரி நடக்கிறேன். இப்போது வகுப்பில் எல்லாமே பார்த்துச் செய்கிற விளையாட்டுகள்தான். ஊமைச்சாடை, நிழல் பார்த்துப் பெயர் எழுதுவது, சீட்டுப் பொருத்துவது. கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தத்தில் கத்திப் பயனில்லை என்று சாரிடம் சொன்னேன். நல்ல யோசனை என்றார்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. அண்ணன் கூப்பிடுவான் என்று ஃபோனை ஜன்னல் மேல் வைத்திருந்தேன். இங்கே சிக்னல் நிற்பதில்லை. பக்கத்து வாசலில் வாட்ச்மேன் காலையிலிருந்து தன் மகளோடு மூன்று தடவை பேசினார். அவருடைய ஃபோன் கம்பெனி வேறாக இருக்கும்.

நான்கு மணிக்கு சோமாரி வந்தாள், லீவு நாளிலும். புளிச்சாதம் செய்திருந்தேன். இரண்டு தட்டு.

ஆகஸ்ட் 9, வெள்ளி

குறுவள மையத்தில் செய்துகாட்டினேன். நாற்பது ஆசிரியர்கள். கைதட்டினார்கள். ஓர் இளம் ஆசிரியர் எழுந்து, பேசாத பிள்ளைகளில் யாருக்கு மொழி தெரியவில்லை, யாருக்கு வேறு சிரமம் இருக்கிறது என்று இந்த முறையில் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று கேட்டார்.

தொடர்ந்து கவனித்தால் தெரிந்துவிடும் என்று பதில் சொன்னேன்.

டீ நன்றாக இல்லை. சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 21, புதன்

இன்றே எழுதிவிட வேண்டும்.

பள்ளி விட்டுப் பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் காப்பகத்தின் பக்கம் திரும்பும் வளைவில் ஒற்றைக் காட்டுமாடு தேயிலைக்குள்ளிருந்து பாதைக்கு ஏறியது. காப்பகத்தில் வேலை செய்யும் சுசானா முதலில் பார்த்துக் கத்தினாள். பறிக்கிற பெண்கள் எல்லோரும் கத்தினார்கள். யாரோ தகரத்தைத் தட்டினார்கள். பிள்ளைகள் அப்படியே திரும்பி மேலே ஓடிவந்தார்கள்.

சோமாரி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். குனிந்து, கையிலிருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு. நான் எழுதிக் கொடுத்த அட்டை. நேராக மாட்டை நோக்கி நடந்தாள்.

நான் ஓடினேன். அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். தெரிந்திருந்தும் கூப்பிட்டேன். இருபதடி இருக்கும்போது அவள் நிமிர்ந்து பார்த்தாள். மாடும் அவளைப் பார்த்தது. மூச்சு விட்டது, தலையை ஆட்டியது, பிறகு என்ன நினைத்ததோ, சரிவில் இறங்கிப் போய்விட்டது.

சுசானா ஜார்க்கண்டுக்காரி, பத்து வருடமாக இங்கே இருப்பதால் தமிழ் வரும். மூச்சிரைக்க என்னிடம் வந்தாள்.

“டீச்சர், நாங்க எல்லாரும் கத்துனோம். அவ ஏன் திரும்பல?”

தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். “அவளுக்குக் காது கேக்காதும்மா” என்றேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

காலையில் ஞானசிகாமணி சாரிடம் சொன்னேன். எப்போது தெரியும் என்று அவர் கேட்கவில்லை. பதிவேட்டைத் திறந்து அந்தக் கட்டத்தில் எழுதினார், சிறப்பாசிரியருக்கு ஃபோன் செய்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “உங்க கிளாஸ்ல அவ ரொம்ப நல்லா இருந்தா டீச்சர். அதான் யாருக்கும் தோணல” என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 29, வியாழன்

பொள்ளாச்சி அரசு ஆஸ்பத்திரி. நான், பூல்மணி, சோமாரி, பேச்சுக்கு சுசானா. கண்ணாடி அறைக்குள் சோமாரியின் தலையில் கருவியை மாட்டினார்கள். அவள் கண்ணாடி வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டால் கை தூக்க வேண்டும். நான் எப்போது தலையாட்டுகிறேன் என்று பார்த்து அதற்குத் தகுந்தபடி கை தூக்க முயன்றாள். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

இரண்டு காதிலும் கடுமையான குறைபாடு. பிறந்ததிலிருந்தே இருந்திருக்கும். காதுக் கருவி கொஞ்சம் உதவும், ஆனால் சைகை மொழி கற்றுக்கொள்ளும் பள்ளிக்கு உடனே போக வேண்டும் என்றார் டாக்டர். சின்ன வயதுக்காரர். இந்த வயதில் ஒவ்வொரு மாதமும் முக்கியம் என்று விளக்கிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“நீங்க எப்ப கவனிச்சீங்க மேடம்?”

“போன வாரம்” என்றேன்.

அதையும் தாளில் எழுதிக்கொண்டார்.

ஆகஸ்ட் 31, சனி

சோமாரி வந்தாள். நான் கதவைத் திறக்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தாள். தட்டும் சத்தம் அவளுக்குத் தெரியாது, எத்தனை பலமாகத் தட்டுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. வாட்ச்மேன் வந்து என்ன டீச்சர் என்று கேட்ட பிறகு திறந்தேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

சுசானாவைக் கூட்டிக்கொண்டு பூல்மணியின் லைன் வீட்டுக்குப் போனேன். இத்தனை நாளில் அந்த வீட்டு வாசலுக்குப் போனதில்லை. சோமாரி கீழே குழாயடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா மேல் டிவிஷனில் மருந்தடிக்கப் போயிருந்தார். பூல்மணி பாயை விரித்தாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். விரல்களெல்லாம் இலைக் கறை.

“சுசானா, நான் சொல்றத அப்படியே சொல்லும்மா. எதையும் விட்றாத” என்றேன்.

ஜூலை பன்னிரண்டாம் தேதியே எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொன்னேன். மணி அடித்துப் பார்த்ததைச் சொன்னேன். சொன்னால் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதால் சொல்லவில்லை, டாக்டரிடமும் பொய் சொன்னேன் என்றேன். ஆறு வாரம் அவள் படிப்பில் போய்விட்டது, அந்த மாடு அன்றைக்கு இறங்கிப் போகாமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று தெரியாது, தப்பு என்னுடையது என்றேன்.

ஏன் அனுப்ப மனம் வரவில்லை என்று பூல்மணி கேட்டாளாம்.

“சாயங்காலத்துல எனக்கு வேற யாரும் இல்ல” என்றேன்.

நாற்பத்தெட்டு வயதில் அந்த வாக்கியத்தை முதல் தடவையாகச் சொன்னேன். சுசானா அதை சாத்ரியில் சொன்னபோது இன்னும் சின்னதாக இருந்தது, மூன்றே வார்த்தை.

பூல்மணி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பேச ஆரம்பித்தாள், தாழ்ந்த குரலில், நிறுத்தாமல். சுசானா பாதியிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“டீச்சர், அவளுக்குத் தெரியுமாம். சோமாரிக்கு ரெண்டு வயசுலேயே தெரியுமாம். ஊர் ஸ்கூல்ல சொன்னாளாம், சேக்க மாட்டேன்னு அனுப்பிட்டாங்களாம். அதனால இங்க வந்து வாயத் திறக்கல. தமிழ் தெரியாத புள்ளைன்னு எல்லாரும் நினைச்சுக்கட்டும்னு விட்டுட்டா. நீ படம் காட்டிப் பாடம் நடத்தறத ஜன்னல்ல நின்னு பாத்தாளாம். இந்த டீச்சர் இருந்தா போதும், யாருக்கும் தெரியாமலே படிச்சுருவான்னு நினைச்சாளாம்.”

பூல்மணி இன்னும் ஒன்று சொன்னாள். சுசானா மொழிபெயர்க்கவில்லை. நான் கேட்ட பிறகுதான் சொன்னாள்.

“ஆஸ்பத்திரிக்கு நீ கூப்பிட்ட அன்னிக்கு உன்னத் திட்டினாளாம், மனசுக்குள்ள. ஏன் இவ கண்டுபிடிச்சான்னு.”

வரக்காப்பி கொடுத்தாள். குடித்தோம். சோமாரி ஈரக் கையோடு ஓடி வந்து எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எல்லோர் முகமும் ஒரே மாதிரி இருந்ததால் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

பொள்ளாச்சி டாக்டருக்குக் கடிதம் எழுதி, கவனித்த தேதியைத் திருத்தச் சொன்னேன். ஒரு நகலை ஞானசிகாமணி சாரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கோப்பில் வைத்தார். நாள் முழுக்க என்னுடன் பேசவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது, நாளைக்குக் கடுமையான மழையாம், குடை எடுத்து வாங்க என்றார்.

செப்டம்பர் 9, திங்கள்

கோயம்புத்தூர். பள்ளியில் சேர்த்துவிட்டு வந்தோம்.

வகுப்பறை வாசலில் நின்றோம். பன்னிரண்டு பிள்ளைகள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், கையால், புருவத்தால், தோளால். செருப்பு உரசும் சத்தமும் இடையிடையே சிரிப்பும் தவிர ஒன்றும் இல்லை. ஒரு பையன் என்னைப் பார்த்து ஏதோ கேட்டான். எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டான். நான் அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஜூன் மாதம் என் வகுப்புப் பிள்ளைகள் என் வாயைப் பார்த்தது போல.

சோமாரி என் கையையும் அவள் அம்மா கையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். இறுக்கமாக. பிறகு இறுக்கம் குறைந்தது. நான் குனிந்து பார்த்தபோது என் கையில் அவள் கை இல்லை. மூன்று பெண்களுக்கு நடுவில் நின்று அவர்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வாயைத் திறந்துகொண்டு.

அழுது அடம் பிடிப்பாள், இரண்டு நாள் பக்கத்தில் அறையெடுத்துத் தங்க வேண்டியிருக்கும் என்று மாற்றுப் புடவை எடுத்துப் போயிருந்தேன். தேவைப்படவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

ஏழு பேர். ‘என்ன சத்தம்’ விளையாடினோம். ஒரு பெண்ணுக்கு இடது பக்கம் கேட்பது குறைவோ என்று சந்தேகம். இன்றே கட்டத்தில் எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 18, புதன்

ஐந்தரை மணி ரொம்ப மெதுவாக வருகிறது.

செப்டம்பர் 22, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்கு ஃபோன் செய்தேன். அண்ணி எடுத்தாள். தீபாவளிக்கு மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பேர் வருகிறார்கள், படுக்க இடம் இல்லை, நீ பொங்கலுக்கு வாயேன் என்றாள். சரி என்றேன். பொங்கலுக்கும் கூப்பிட மாட்டார்கள். எழுதிப் பார்த்தால் அவ்வளவு கஷ்டமாக இல்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

விடுதியில் இன்று பெற்றோர் பார்க்கும் நாள். சுசானாவுக்கு வேலை. நானும் பூல்மணியும் மட்டும் காலை முதல் பஸ்ஸில் போனோம். அவளுக்குத் தமிழ் பத்து வார்த்தை, எனக்கு சாத்ரி ஆறு வார்த்தை. ஆழியாறு இறங்கும் வரை எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட்டோம்.

சோமாரி கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தாள். காதில் கருவி. எங்களைப் பார்த்ததும் கையால் படபடவென்று என்னவோ சொன்னாள். எங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னாள், இந்தத் தடவை மெதுவாக. அப்போதும் புரியவில்லை. பெருமூச்சு விட்டாள். இரண்டு பேரையும் மரத்தடி பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

‘அம்மா’ முதலில். பூல்மணிக்கு உடனே வந்துவிட்டது. எனக்கு விரல் தவறான பக்கம் மடங்கியது. சோமாரி என் சுண்டுவிரலைப் பிடித்து நிமிர்த்தி வைத்தாள், தலையை ஆட்டினாள், இன்னொரு முறை என்று காட்டினாள். ‘சாப்பாடு’, ‘தண்ணீர்’, ‘தூக்கம்’, ‘வா’. ‘போ’ என்பதை நாங்கள் இருவருமே தப்பாகச் செய்தோம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவு சத்தமான சிரிப்பு.

மூன்று மணிக்கு மணி அடித்தார்கள். கூடவே விளக்கும் விட்டு விட்டு எரிந்தது. அதைப் பார்த்துப் பிள்ளைகள் எழுந்தார்கள். அவளும் போனாள்.

திரும்பும்போது பொள்ளாச்சியில் ஜன்னலோர இடம் கிடைத்தது, பூல்மணியை உட்காரவைத்தேன். அவள் ‘போ’ என்பதைச் செய்து காட்டி, சரியா என்பது போலப் பார்த்தாள். எனக்கும் நிச்சயமில்லை. நான் வேறு மாதிரி செய்தேன். அவள் மறுத்துத் தலையாட்டினாள். ஆழியாறு வரை அதிலேயே இருந்தோம். முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு எங்களிடம் சாடையில் டிக்கெட் கேட்கும்படி கண்டக்டரிடம் சொன்னார், நாங்கள் பேச முடியாதவர்கள் என்று நினைத்து.

மலை ஏற ஆரம்பித்ததும் பனி இறங்கியது. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் பூல்மணி தூங்கி என் தோளில் சாய்ந்துவிட்டாள். தலையில் எண்ணெயும் இலையும் கலந்த வாசனை. நாற்பது வளைவு. வால்பாறை வரும் வரை நான் தோளை அசைக்கவில்லை.